ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு

கோபி பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்கா என்னிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள்.

“அவரு கண்ணு முழிச்சிருக்கறப்ப எனக்கொரு வீடியோ கால் போட்டுக் குடு கண்ணு. நானும் அம்மணியும் பேசோணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“செரிங்க்கா,” என்றேன்.

அம்மணி அக்காவின் மகள். அவர் என்றால் ரங்கசாமி மாமா, அக்காவின் வீட்டுக்காரர். ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில், கோயமுத்தூர் உக்கடத்துக்காரரான ஜாஃபர் பாய் நடத்தும் சின்ன ஹோட்டலில் இரண்டு வருடமாகத் தோசை மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவர் கரண்டியோடு சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போயிற்று. பாய் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருமுறை வீடியோ காலில் காட்டினார். அக்காவைத் திரையில் பார்த்ததும் மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். வந்தது சொல் இல்லை, ஓலம். அக்கா பயந்துபோய் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். “கட் பண்ணிப்போட்டேன் கண்ணு. என்னைப் பத்தி என்ன நெனைச்சாரோ” என்று அதற்குப் பிறகு அவள் சொல்லாத நாள் இல்லை. மறுபடி பேசவும் பயம், பேசாமல் இருக்கவும் முடியவில்லை. பக்கத்தில் நம் ஆள் ஒருவன் நின்றுகொண்டு போனைப் பிடித்தால் பேசிவிடுவேன் என்றாள். அந்த ஆளாகத்தான் நான் போனேன்.

என்னை அனுப்பியதற்குக் காரணம் என் இங்கிலீஷ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா வாழைத் தோப்புகளில் இலை அறுப்பவர். நான் பி.இ. மெக்கானிக்கல் படித்து, கோயமுத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்புகளைச் சோதிக்கிறேன். நான்கு வருடம் இங்கிலீஷில் பரீட்சை எழுதியிருக்கிறேன். இங்கிலீஷில் ஒரு டீ கேட்டதில்லை. இது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. வழியனுப்ப வந்தவர்களிடமெல்லாம், “எம்பையன் பூராவும் இங்கிலீசுலயே படிச்சவனுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி மட்டும், “மாப்ளே, எஸ்ஸு நோவு ரண்டும் தெரிஞ்சாப் போதும். எதை எங்க சொல்றதுன்னு மட்டும் பாத்துக்க” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆர்.எஸ். புரத்தில் ஒரு கடையில் கம்பளிச் சட்டை வாங்கினேன். “ஊட்டிக்குங்களா?” என்று கேட்டார் கடைக்காரர். “ஆமாங்க” என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

அபர்டீன் சாம்பல் நிற ஊர். வீடு, பாலம், தேவாலயம் எல்லாம் ஒரே கருங்கல். நாமும் பாறை நிறைந்த நாட்டுக்காரர்கள்தான். ஆனால் நம் பாறையின் மேல் வெயில் விழும். இங்கே நான் இருந்த நாட்களில் வெயில் கல்லைத் தொட்டதாக நினைவில்லை. பிற்பகல் மூன்றரைக்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள். நாய்க்குட்டி அளவுக்குக் கடற்பறவைகள் கூரையில் உட்கார்ந்து, போகிறவர் கையில் என்ன இருக்கிறதென்று பார்க்கின்றன.

பாய் விமான நிலையத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மாமாவின் இடத்தில் ஆள் இல்லாமல் அவரே கல்லில் நின்றுகொண்டிருந்தார். நானே பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். ஓட்டுநரிடம், “ஹாஸ்பிட்டல்” என்றேன். அவர் தலையைச் சாய்த்தார். மறுபடி சொன்னேன். ஹாஸ், பிட், டல். மூன்றையும் தராசில் நிறுத்துப் போட்ட மாதிரிச் சமமாக. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. பாய் அனுப்பிய விலாசம் போனில்தான் இருந்தது. அதைக் காட்டினால் போதும். ஆனால் காட்ட மனது வரவில்லை. பஸ்ஸில் விலாசம் காட்ட அப்பாவால் முடியும், அம்மாவால் முடியும். நான் எதற்கு?

நான்காவது தடவை, கடைச் சாமான் இழுத்துப்போகும் சின்ன வண்டியோடு நின்ற ஒரு கிழவி எட்டிப் பார்த்து ஓட்டுநருக்கு எடுத்துச் சொன்னார். அதே சொல்தான். ஆனால் முதல் பகுதி மட்டும் ஆணியடித்த மாதிரி விழுந்தது. மீதி இரண்டும் மூச்சிலேயே கரைந்துவிட்டன. ஓட்டுநர் “ஓ!” என்றார். பஸ் கிளம்பியது. எந்த நிறுத்தம் என்று கேட்க மறுபடி வாய் திறக்கக் கூச்சப்பட்டு, இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, எதிர்க்காற்றில் திரும்பி நடந்தேன்.

வார்டு வாசலில் நர்ஸ், நீங்கள் யார் என்று கேட்டார். “ரிலேட்டிவ்” என்றேன். நடுவில் இழுத்து, நம் ஊரில் எல்லோரும் சொல்வதைப் போல. அவர் கண்ணைச் சுருக்கினார். “மை சிஸ்டர் ஹஸ்பண்ட்” என்றதும் முகம் மலர்ந்தது. ஒரு தாளை எடுத்து, என்ன மொழி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, போனிலேயே வருவார், செலவில்லை என்று நிதானமாகச் சொன்னார். அது முழுக்க எனக்குப் புரிந்தது.

“நோ நீட்,” என்றேன். “ஐ ஆம் எஞ்சினியர்.”

அவர் தாளில் மொழிபெயர்ப்பாளருக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

மாமா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். முகத்தின் வலது பாதி நனைந்த துணி மாதிரித் தொங்கியது. என்னைக் கண்டதும் இடது கண் நிறைந்தது. அந்த ஓலம் கிளம்பியது. நானும் பயந்தேன், அக்காவைக் குறை சொல்ல முடியாது. இடது கையைப் பிடித்துக்கொண்டு, “நாந்தானுங்க மாமா, அக்கா அனுப்பிச்சுதுங்க, அம்மணி நல்லாருக்குதுங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர்கள் மகளை மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிறந்த நாளிலிருந்து அம்மணிதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓலம் நின்றது.

போனை எடுத்தேன். ஊரில் அப்போது சாயங்காலம், அக்கா காத்துக்கொண்டிருப்பாள். அழைக்கப் போனவன் அவர் வாயைப் பார்த்தேன். எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மறுபடி அந்தச் சத்தம் வந்து, மறுபடி அக்கா துண்டித்துவிட்டால்? ஒரு நாள் போகட்டும் என்று நினைத்து, வெளியே வந்து வெறும் குரலில் பேசினேன்.

“எப்படியிருக்கறாரு கண்ணு?”

“நல்லாருக்கறாருங்க்கா. தூங்கறாருங்க. நாளைக்குப் பேசலாங்க்கா.”

அன்று பிற்பகல் கேட்டி வந்தாள். என் வயதுதான் இருக்கும். போன பேச்சைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை அவளுடையது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மாமாவின் இடது கையைத் தன் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் பாதி பாட்டாக இழுத்துச் சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் தட்டினாள். சொல்லின் ஓர் இடத்தில் பலமாக, மற்ற இடங்களில் இறகு பட்ட மாதிரி. பேச்சு ஒரு பக்க மூளையில், பாட்டும் தாளமும் இன்னொரு பக்கத்தில், முன்வாசல் இடிந்தால் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டுப் பார்க்கிறோம் என்றாள். நான் மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்ட விளக்கம் இது.

ஃபவுண்டரியில் என் வேலையும் இதுதான். வார்ப்பைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுவேன். கணீரென்றால் நல்லது. சத்தம் செத்து விழுந்தால் உள்ளே விரிசல். இதைச் சொல்லப் பார்த்தேன். அவளுக்குப் புரியவில்லை. கட்டில் கம்பியைத் தட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டு, “உங்கள் மாமாவுக்கு முதலில் எந்தச் சொல் வேண்டும்?” என்றாள்.

அம்மணி என்றேன்.

“இதில் தட்டு எங்கே விழும்?”

யோசித்தேன். இருபத்தாறு வருடமாகப் பேசுகிற மொழியில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அம், ம, ணி. எல்லாம் ஒரே கனம். எங்கள் மொழியில் அப்படித் தட்டு கிடையாது என்றேன். “பரவாயில்லை, நாம் ஒன்று வைத்துக்கொள்வோம்” என்று முதல் பகுதியில் பலமாகத் தட்டினாள். அம்-மணி. மாமா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை பாய் தன் கடையில் எனக்கு பட்டரி என்று ஒன்றைக் கொடுத்தார். அந்த ஊர் மீனவர்கள் கடலுக்கு எடுத்துப் போனதாம். நம் பரோட்டாவை யாரோ மிதித்துத் தட்டையாக்கி உப்பைத் தூக்கலாகப் போட்டால் அதுதான். மாமா அதைப் பிய்த்து, சால்னா வைத்துச் சாப்பிடுவாராம். கல்லின் ஓரத்தில் மாமாவின் கரண்டி இன்னும் தொங்கியது. பாய் அதைத் தொடவில்லை, வேறு கரண்டிதான் பிடித்திருந்தார்.

பஸ் கதையைச் சொன்னேன். பாய் தோசையைத் திருப்பிக்கொண்டே சிரித்தார். “அட தம்பி, நம்மாளுக எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை குடுப்போம். இவங்க ஒரு வார்த்தைல ஒரு எழுத்துக்குத்தான் சேர் போடுவாங்க, மத்ததெல்லாம் தரையில உக்காரோணும். நீங்க எல்லாத்துக்கும் சேர் போட்டா, ஊட்டுக்காரர் யாருன்னு அவனுக்குத் தெரியாதுல்ல?” பிறகு குரல் மாறியது. “கூட நானும் வரட்டுங்களா? டாக்டர் இன்னிக்குப் பேசோணும்னாரு.”

கடையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். “நான் பாத்துக்கறேனுங்க பாய்,” என்றேன்.

டாக்டர் என்னை வார்டை ஒட்டிய சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, அதன் மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. குளிரில் எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நன்றி சொல்லி இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் அந்த ஊர்ப் பேச்சு. ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று நான்கு இடம் மேலே எழும்பும், மற்றது பள்ளத்தில் ஓடிவிடும். நான் எல்லா எழுத்துக்கும் காத்திருக்கப் பழகிய காது. எனக்குக் கிடைத்தது மேடுகள் மட்டும். நெஞ்சு. மருந்து. களைப்பு. மனைவி. சீக்கிரம். நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுக்கிறார்கள், களைப்பாக இருப்பார், மனைவியைச் சீக்கிரம் பார்க்கலாம் என்று அந்த மேடுகளை நானே இணைத்துப் பாலம் கட்டிக்கொண்டேன். நடுவில் எத்தனை ‘இல்லை’ பள்ளத்தில் போயிற்றோ.

நம் பக்கத்தில் ஒருவர் பேசும்போது கேட்கிறவன் சும்மா இருக்க மாட்டான். வாக்கியத்துக்கு வாக்கியம் “செரிங்க, செரிங்க” என்பான். ஒப்புக்கொண்டான் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்ற மரியாதை. சொல்லாவிட்டால், எதிரில் இருப்பவர், “ஏனுங்க, கேக்கறீங்களா?” என்று நிறுத்திவிடுவார். நான் டாக்டருக்கு அந்த மரியாதையைக் கொடுத்தேன். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம், “ஓகே சார். எஸ் சார். ஓகே.”

கடைசியில் அவர், புரிந்ததா, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அந்த இரண்டும் தெளிவாகப் புரிந்தன. கேட்க வேண்டியதுதான். சார், எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள். இந்த வாக்கியம் எனக்கு இங்கிலீஷில் தெரியும், ஐந்தாம் வகுப்புப் பாடம். அது வாய் வரை வந்தது. நேற்று நர்ஸிடம் எஞ்சினியர் என்று சொன்ன வாய்.

“நோ சார். தேங்க்யூ சார்,” என்றேன். அவர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். நல்ல செய்தி சொன்னவரின் கை என்று எடுத்துக்கொண்டேன்.

பாய் போனில் கேட்டார். நல்லா இருக்கிறதாக டாக்டர் சொன்னார் என்றேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் மூச்சை விட்ட சத்தம் கேட்டது. “அப்ப பேசலாமா கண்ணு?”

“கேட்டின்னு ஒரு பொண்ணு பேச்சுச் சொல்லிக்குடுக்குதுங்க்கா. அம்மணின்னு சொல்ல வெக்கப் பாக்கறோம். அவரு அம்மணின்னு கூப்படறப்ப நீங்க ரண்டு பேரும் கேக்கோணும். நாளைக்குப் பேசலாங்க்கா.”

“கூப்படுவாரா?” என்றாள் அக்கா. அவள் அழுவது தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மாமா விழித்திருந்தார். முந்தைய நாளைவிட முகம் வெளுத்து, மூச்சில் கொரகொரப்பு. ஆனால் கண் தெளிவாக இருந்தது. நான் காலையிலிருந்தே தட்ட ஆரம்பித்துவிட்டேன். அம்-மணி. அம்-மணி. மணிக்கட்டு சிவந்துவிட்டது. மதியம் கேட்டி வந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து பாடினோம். மாமாவின் உதடுகள் மூடின. தொண்டையிலிருந்து, “ம்ம்ம்” என்று வந்தது. பிறகு உதடு பிரிந்து, “அம்…”

அவ்வளவுதான். ஆனால் அது ஓலமில்லை. எழுத்து.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கேட்டி என்னைப் பார்த்து, “மனைவியைக் கூப்பிடுங்கள், இப்போதே கூப்பிடலாமே?” என்றாள்.

“டுமாரோ,” என்றேன். “ஃபுல் வேர்டு. டுமாரோ.”

அவளுக்குச் சொல்லே பிடிபடவில்லை. நான் முதலில் அழுத்தி, பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுத்துச் சொன்னேன் போலிருக்கிறது. பழக்க தோஷத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து, நடுவில் பலமாகத் தட்டினாள். டு-மா-ரோ. முன்னும் பின்னும் இறகு, நடுவில் ஆணி. நான் திருப்பிச் சொன்னேன். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. பஸ் கிழவியே சொன்ன மாதிரி, கணீரென்று.

“டுமாரோ,” என்றேன். “வி கால் டுமாரோ.”

என் வாழ்க்கையில் பிசகில்லாமல் உச்சரித்த முதல் இங்கிலீஷ் சொல் அது. கேட்டி சிரிக்கவில்லை.  டாக்டர் நேற்று உங்களிடம் பேசினார் அல்லவா என்றாள். எஸ் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டாள். “எவ்ரிதிங் ஓகே” என்றேன். அவள் எழுந்து வேகமாக நர்ஸ்களிடம் போனாள். டாக்டர் அன்று வேறு ஆஸ்பத்திரியில் இருந்தார். காலையில் முதல் வேலையாகப் பேசுவோம், ஆனால் நீங்கள் இன்றே வீட்டுக்குப் பேசிவிட்டால் நல்லது என்று திரும்பி வந்து சொன்னாள். அதுவும் எனக்குப் புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை. முழுச் சொல்லுக்காக நாங்கள் காத்திருப்பது அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாமா தூங்கிவிட்டார்.

நான்காம் நாள் காலை மாமாவை எழுப்ப முடியவில்லை. கூப்பிட்டேன். தட்டினேன். கை வெறும் கையாகக் கிடந்தது.

மறுபடி அந்தச் சின்ன அறை. டாக்டர், நர்ஸ், கேட்டி. மேஜை நடுவில் ஒரு போன், ஸ்பீக்கரில். அதிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இலங்கைத் தமிழ். இந்தியாவிலிருந்து புறப்பட்ட பிறகு பாயையும் அக்காவையும் தவிர நான் கேட்ட முதல் தமிழ்.

“வணக்கம் தம்பி. வைத்தியர் சொல்லுறதை நான் அப்பிடியே உங்களுக்குச் சொல்லுவன். சரியோ?”

“செரிங்க,” என்றேன்.

டாக்டர் பேசினார். அவர் நிறுத்தினார். அந்தக் குரல் பேசியது.

“உங்கட மாமாவுக்கு நெஞ்சில கிருமி பரவீட்டுது. மருந்து வேலை செய்யேல்லை. இருதயமும் களைச்சுப் போச்சு. இனிக் கனநாள் இல்லை, இண்டைக்கோ நாளைக்கோ எண்டு சொல்லுறார்.” சற்று நின்றது. “தம்பி, இதை முந்தநாளே உங்களுக்குச் சொன்னவராம். கண் முழிப்பு இருக்கேக்கையே மனுசியோட கதைக்க வையுங்கோ, பிறகு ஏலாமல் போகும் எண்டும் சொன்னவராம். நீங்கள் ஓம் ஓம் எண்டு சொன்னீங்களாம். உங்களுக்கு அது விளங்கினதோ?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செரிங்க சொல்லவில்லை.

“விளங்கேல்லை எண்டு சொல்லவோ, தம்பி?” என்று கேட்டது குரல், மிக மெதுவாக. அது மொழிபெயர்ப்பில் சேராது, எனக்கு மட்டும்.

“சொல்லுங்க,” என்றேன்.

ஊரில் அப்போது பிற்பகல் நாலு. அம்மணி பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். வீடியோ காலில் அக்கா தலை வாரி, நெற்றியில் குங்குமம் வைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகத் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாளாம், அப்பா பிறகு சொன்னார். நான் போனை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“ஏனுங்க,” என்றாள். “நாந்தானுங்க. அன்னைக்குப் பயந்துபோட்டேனுங்க. இனிமே கட் பண்ண மாட்டேனுங்க. கேக்குதுங்களா?” கொஞ்சம் காத்தாள். “தூங்கறாரா கண்ணு?”

“களைப்பா இருக்கறாருங்க்கா. நீங்க பேசுங்க்கா.”

“காதுல உளுகுதா அவருக்கு?”

“உளுகுதுங்க்கா.”

அம்மணி வந்து, கணக்கில் முழு மதிப்பெண் என்றாள். கறுப்பு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். அக்கா எதையெதையோ சொன்னாள். தண்ணீர் விடாத வாய்க்கால், அவள் அரைத்த மாவு புளிக்காதது, அவரைக் கேட்காமல் அம்மணிக்குக் காது குத்தியது. அவள் பேசப் பேச நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் மணிக்கட்டில் தட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பகுதியில் பலம், எந்தப் பகுதியில் இறகு என்று எதுவும் தெரியாமல், வெறுமனே. கேட்டி போன் திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஐந்தாம் நாள் காலை, விடிய வேண்டிய நேரத்தில், அவர் மூச்சு நின்றது. ஜன்னல் விளிம்பில் ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தது. நர்ஸ் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தார்.

காகிதங்களையெல்லாம் பாய்தான் பார்த்தார். மாமாவின் உடல் இருந்த பெட்டி அதற்கு ஒன்பதாம் நாள் கோயமுத்தூர் வந்தது, நானும் வந்தேன். விமான நிலையத்தின் சரக்கு வாசலில் ஓர் ஊழியர் பதிவேட்டைத் திறந்து, “வாட் ரிலேஷன்?” என்றார். “ரிலேட்டிவ்,” என்றேன், முதல் பகுதியை அழுத்தி, மற்றதை விழுங்கி.

“என்னதுங்க?” என்றார்.

“சொந்தமுங்க. அக்கா ஊட்டுக்காரரு.”

ஆம்புலன்ஸ் அவிநாசி சாலையில் நெரிசலில் நின்றது. பக்கத்து பஸ்ஸிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோபி நெருங்கும்போது இருபுறமும் வாழை. கண் கூசும் அளவுக்கு வெயில்.

வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றையே சொன்னாள். “என்ற கொரலைக் கேட்டுப்போட்டுத்தானுங்க போனாரு. தம்பி அங்க போயி எல்லாம் பண்ணிக்குடுத்தான்.” அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், பந்தல்காரனிடம் பேசினேன். ஒரே இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அக்கா பின்பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அம்மணி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் ஃபவுண்டரிக்குத் திரும்பப் பையோடு நின்றேன். அக்கா நிமிர்ந்து, “நீ போகாட்டி எனக்கு ஆருடா இருக்கறாங்க அங்க பேசறதுக்கு?” என்றாள். ஈரக் கையால் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள்.

கையை இழுத்துக்கொண்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்க்க ஆள் தருகிறேன் என்றதை வேண்டாம் என்றது. டாக்டர் சொன்னது. நான் செரிங்க செரிங்க என்றது. போனைப் பிடித்தபோது அவருக்கு எதுவும் கேட்டிருக்காது என்பது.

அவள் குழாயை மூடினாள்.

“டாக்டரு சொன்ன பொறவு எத்தனை நாளு முழிச்சிருந்தாரு?”

“ரண்டு நாளுங்க்கா. சொன்ன அன்னைக்கும், மறுநாளும்.”

“நல்லா முழிச்சிருந்தாரா?”

“நல்லா முழிச்சிருந்தாருங்க்கா.”

“அந்த ரண்டு நாளும் நீ என்ன பண்ணீட்டிருந்தே?”

அம்மணி என்று சொல்ல வைக்கத் தட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். பாதி வந்தது என்றேன். அம் வரை வந்தது. அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

“காட்டு.”

மணிக்கட்டில் தட்டினேன். அம்-மணி. முதலில் பலமாக, பிறகு இரண்டு இறகு. மூன்று தடவை தட்டினேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதைத்தான் பண்ணீட்டிருந்தியா கண்ணு?”

கேட்டி ஒன்று சொல்லியிருந்தாள். சொல்லில் மட்டுமில்லை, வாக்கியத்திலும் தட்டு உண்டு. எந்தச் சொல்லில் அது விழுகிறது என்று பார்த்தால், கேட்பவர் கோபமாகக் கேட்கிறாரா, ஆற்றாமையில் கேட்கிறாரா, மன்னித்துவிட்டாரா என்று பிடித்துவிடலாம். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அக்கா எதையும் அழுத்தவில்லை. இதைத்தான், பண்ணீட்டிருந்தியா, கண்ணு. மூன்றும் ஒரே கனத்தில் விழுந்தன, அவள் எப்போதும் பேசுகிற மாதிரி.

“ஆமாங்க்கா,” என்றேன்.